30 சதவீத ஊனம் என்றால் எவ்வளவு பணம்? – ஒரு விபத்து வழக்கிலிருந்து சில குறிப்புகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும் ஆள். ஒரு விபத்து வழக்கில் மாட்டிக்கொண்டு, நாலு வருஷம் தீர்ப்புகளைத் தேடித் தேடிப் படித்ததில் புரிந்ததை எழுதுகிறேன். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. அது தெரியாமல் போனதால் எங்களுக்கு நஷ்டம் ஆனது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

2019 மார்ச். திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். பக்கத்து சீட்டில் சித்தி பையன். மணப்பாறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடது பக்கக் கிளைச்சாலையிலிருந்து ஒரு கார் நிற்காமல் நேராக மெயின் ரோட்டில் ஏறி எங்கள் வண்டியின் முன் கதவில் மோதியது. எனக்கு சீட் பெல்ட் இழுத்ததில் வலது காலர் எலும்பு முறிந்தது. தம்பிக்கு இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறவன். அவன் டெய்லர், சொந்தக் கடை. ஒரே விபத்து, ஒரே தீர்ப்பாயம், ஒரே வக்கீல். ஆனால் இரண்டு பேர் வழக்கும் போன பாதை வேறு வேறு. அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

கோர்ட் கேட்கும் நாலு கேள்வி

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன் கீழ் மனு போடுகிறோம். நம்மூரில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். எதிர்த் தரப்பில் பெயருக்கு வண்டி ஓனர் இருப்பார். உண்மையில் வாதாடுவது அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி.

தீர்ப்பாயம் பார்ப்பது நாலே கேள்வி. ஒன்று, தப்பு யார் மேல்? இரண்டு, என்ன காயம்? மூன்று, அந்தக் காயம் உங்கள் வாழ்க்கையிலிருந்து எதைப் பறித்தது? நாலு, பறிபோனது ரூபாயில் எவ்வளவு?

பெரும்பாலான பேர் முதல் இரண்டு கேள்விக்கான காகிதத்தைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கிறார்கள். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் ஒன்றுமே இருக்காது. எங்கள் கதையும் அதுதான்.

தப்பு யார் மேல்

இந்த இடத்தில் பயப்பட வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்ல மாட்டார்கள். எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர்., போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர், வண்டியைப் பரிசோதித்த எம்.வி.ஐ. ரிப்போர்ட், குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும். ஆஸ்பத்திரியில் முதன்முதலில் எழுதிய ஏ.ஆர். காப்பி மிக முக்கியம். அதில் "கீழே விழுந்தார்" என்று யாராவது அவசரத்தில் எழுதியிருந்தால் பின்னாடி பெரிய தலைவலி. கூடப் போகிறவர்கள் அந்த வரியை அங்கேயே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு, நான் வேகமாக ஓட்டினேன் என்றது. அது நிரூபணமானால் என் இழப்பீட்டில் என் பங்குத் தப்புக்கு ஏற்ற சதவீதம் கழிப்பார்கள். ஆனால் தம்பி பயணி. அவன் மேல் எந்தத் தப்பும் கிடையாது. இரண்டு டிரைவர் மேலும் தப்பு இருந்தால்கூட, பயணி தன் முழு இழப்பீட்டையும் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இது தெரிந்தபோதுதான், என்னால் அவன் பணம் குறைந்துவிடுமோ என்ற பயம் போனது. கடைசியில் எதிர் வண்டி டிரைவர் கூண்டில் ஏறவே இல்லை. எம்.வி.ஐ. ரிப்போர்ட்டில் எங்கள் வண்டியின் இடது பக்க சேதம் தெளிவாக இருந்தது. அந்தக் கேள்வி முடிந்தது.

இன்றைக்கு என்றால் டேஷ்கேம் இருக்கும். ஒரு சின்னக் குறிப்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் பிரிவு 63 படி, மின்னணு ஆதாரத்தோடு கொடுக்கும் சான்றிதழில் அந்த ஃபைலின் ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அதனால் மெமரி கார்டை அப்படியே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி வேறு ஃபைலாகிவிடும், ஹேஷும் மாறிவிடும்.

30 சதவீதம் என்பது விடை இல்லை

தம்பியைப் பரிசோதித்த டாக்டர், இடது கைக்கு 30 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்றிதழ் கொடுத்தார். எனக்கு வலது தோளில் 10 சதவீதம். கையைத் தலைக்கு மேல் முழுசாகத் தூக்க முடியாது.

அந்த எண்ணை அப்படியே பணமாக மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, காயத்துக்கு வழக்குப் போடும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அதன் சாரம் இது. டாக்டர் சொல்வது உடம்பின் ஊனத்தை. சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை முடிவு செய்ய வேண்டியது தீர்ப்பாயம். இரண்டும் ஒன்றல்ல. ஒரு கைக்குச் சொன்ன சதவீதம் முழு உடம்புக்குமான சதவீதமும் அல்ல. கையில் 60, காலில் 80 என்றால் கூட்டிப் போட்டு 140 என்று சொல்ல முடியாது இல்லையா?

கணக்கைப் போட மூன்று படி சொல்கிறார்கள். காயத்துக்கு அப்புறம் அவரால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது? காயத்துக்கு முன் அவர் தொழில் என்ன, அதற்கு என்னென்ன அசைவு தேவை? இப்போது அவரால் அந்தத் தொழிலையோ வேறு தொழிலையோ செய்து பிழைக்க முடியுமா? டிரைவரோ தச்சரோ கையை இழந்தால் கிட்டத்தட்ட மொத்தப் பிழைப்பும் போய்விடலாம். அதே கையை இழந்த அரசு குமாஸ்தாவுக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்த வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"இப்பவும் அதே கம்பெனியிலதான் வேலை பாக்கறீங்களா?"

"ஆமா சார்."

"சம்பளம் குறைஞ்சிருக்கா?"

"இல்ல சார், கூடியிருக்கு."

எதிர்கால வருமான இழப்பு என்ற தலைப்பில் எனக்குப் பூஜ்யம். மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, விடுப்பு எடுத்த நாட்களுக்கு ஒரு தொகை, அவ்வளவே. எனக்கு இதில் வருத்தம் இல்லை. அது நியாயம்தான்.

எல்லா உட்கார்ந்த வேலைக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கு. டேட்டா என்ட்ரி வேலை பார்த்த இளைஞர், விபத்தில் கையை இழந்தவர். சான்றிதழில் 89 சதவீதம். உயர் நீதிமன்றம் 45-ஆகக் குறைத்தது. டைப் அடிக்கிறவருக்குக் கை எவ்வளவு முக்கியம் என்று பார்த்து உச்ச நீதிமன்றம் 65-ஆக உயர்த்தியது.

தம்பியின் இடது கை

தம்பி வலது கைக்காரன். இன்சூரன்ஸ் தரப்பு வாதம் ரொம்ப எளிமை: "கத்தரிக்கோல் பிடிக்கிறது வலது கை. அடிபட்டது இடது கை. தொழில் பாதிக்கவில்லை. முழு உடம்புக்கு 10 சதவீதத்துக்கு மேல் வராது."

கேட்கும்போது சரி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து, "ஏன்டா, தைக்கும்போது இடது கை என்னதான் பண்ணும்?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் மிஷினில் உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியை ஓட்டிக் காட்டினான். ஊசிக்கு இந்தப் பக்கம் துணியைப் பிடித்து இழுத்துத் திருப்பிக் கொடுப்பது முழுக்க இடது கை. காலர், கைக்குழி மாதிரி வளைவு வரும் இடத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் துணியைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். அவனுக்கு அந்தக் கிள்ளுப் பிடி போய்விட்டது. நேர்த் தையல் ஓடும். வளைவு வந்தால் துணி நழுவும். "அண்ணே, ஜாக்கெட்டே தைக்க முடியலண்ணே. ஜாக்கெட்தான் என் கடை" என்றான்.

இதை அப்படியே வக்கீலிடம் சொன்னோம். அவர் இரண்டு சாட்சிகளை வைத்து இதைக் கொண்டுவந்தார். டாக்டரிடம் சதவீதத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "மணிக்கட்டு எவ்வளவு மடங்கும்? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மெல்லிய பொருளை அழுத்திப் பிடிக்க முடியுமா? இது சரியாகுமா?" என்று கேட்டார். அடுத்து, தம்பியோடு தொழில் கற்றுக்கொண்ட இன்னொரு டெய்லரைக் கூண்டில் ஏற்றி, ஜாக்கெட் தைக்க அந்தப் பிடி ஏன் வேண்டும் என்று சொல்ல வைத்தார். எங்கள் தொழிலில் இரண்டு டேபிளை ஜாயின் பண்ணுவது என்று சொல்வோமே, அதேதான். ஒரு பக்கம் உடம்பு இழந்த அசைவு. இன்னொரு பக்கம் தொழில் கேட்கும் அசைவு. இரண்டும் ஒட்டும் இடத்தில்தான் நஷ்டம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் நீதிபதியால் மறுபக்கத்தைக் கற்பனை செய்து எழுத முடியாது.

தீர்ப்பாயம் அவனுடைய சம்பாதிக்கும் திறன் இழப்பை 25 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது.

முடிந்தவரை சிகிச்சை பார்த்த டாக்டரையே சாட்சியாகக் கொண்டுவர வேண்டும். எங்கள் டாக்டர் முதலில், "கோர்ட்டுக்கு வந்தா நாள் பூரா உக்கார வைப்பாங்க" என்று மறுத்தார். டாக்டர்களைக் காக்க வைக்காமல் நேரம் குறித்து விசாரிக்க வேண்டும், தேவைப்பட்டால் கமிஷன் வைத்து அவர் இடத்திலேயே சாட்சியம் பதியலாம் என்று ராஜ்குமார் தீர்ப்பிலேயே இருக்கிறது. வக்கீல் அதைக் காட்டி மனுப் போட்ட பிறகு ஒத்துக்கொண்டார்.

கோர்ட் வாசலில் ஒருவர்

இதற்கு நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் கோர்ட் வாசலில் டீக்கடையில் ஒருவர் தம்பியிடம், "30 எல்லாம் பத்தாது தம்பி, 45 போட்டு சர்ட்டிஃபிகேட் வாங்கித் தரேன், ஒரு தொகை குடுத்தாப் போதும்" என்றார். தம்பிக்குக் கடன் இருந்தது. கடை வாடகை பாக்கி. மனைவியின் நகை பேங்கில். "வாங்கிரலாமாண்ணே?" என்று கேட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சம்பளம் குறையாதவன் உபதேசம் பண்ணுவது சுலபம்.

வேண்டாம் என்றுதான் முடிவு செய்தோம். நியாயம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். சிகிச்சையே பார்க்காமல் கேட்ட எண்ணை எழுதிக் கொடுக்கிற சான்றிதழ்களை நம்பக்கூடாது என்று அதே ராஜ்குமார் தீர்ப்பு எச்சரிக்கிறது. சந்தேகம் வந்தால் தீர்ப்பாயம் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம். அங்கே பொய் உடைந்தால் உண்மையான 30-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கணக்கு

இப்போது பணம். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 2009-இல் சரளா வர்மா வழக்கு வயதுக்கேற்ற பெருக்கு எண்ணை நிர்ணயித்தது. 26 முதல் 30 வயதுக்கு 17, 31 முதல் 35-க்கு 16, 36 முதல் 40-க்கு 15, 41 முதல் 45-க்கு 14 என்று குறைந்துகொண்டே போகும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்கால வருமான உயர்வுக்காகச் சேர்க்க வேண்டிய சதவீதத்தைச் சொன்னது. சொந்தத் தொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நிரந்தர வேலை என்றால் முறையே 50, 30, 15. உயிரிழப்பு வழக்கில் வந்த இந்தச் சேர்க்கை காய வழக்குக்கும் பொருந்தும் என்பதை பப்பு தேவ் யாதவ் தீர்ப்பு உறுதி செய்தது.

விபத்தின்போது தம்பிக்கு 38 வயது. மாதம் 20,000 சம்பாதித்தான். எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனால் காகிதம் இல்லை. வருமான வரிக் கணக்கு இல்லை. வாங்குவது எல்லாம் ரொக்கம். அளவு எழுதும் நோட்டுகள் இருந்தன. அதில்தான் யாருக்கு எத்தனை, என்ன கூலி, எவ்வளவு பாக்கி எல்லாம் எழுதியிருப்பான். மூன்று வருஷ நோட்டுகள். விபத்துக்கு அப்புறம் கடையைக் காலி செய்தபோது பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டார்கள். அப்போது நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

தீர்ப்பாயம், ஆதாரம் இல்லாததால் உத்தேசமாக மாதம் 12,000 என்று எடுத்துக்கொண்டது. அதை வைத்துக் கணக்கு:

12,000 + 40 சதவீதம் = 16,800. வருஷத்துக்கு 2,01,600. பெருக்கல் 15 = 30,24,000. அதில் 25 சதவீதம் = 7,56,000.

அதே கணக்கை 20,000-க்குப் போட்டால்: 28,000. வருஷத்துக்கு 3,36,000. பெருக்கல் 15 = 50,40,000. அதில் 25 சதவீதம் = 12,60,000.

வித்தியாசம் 5,04,000 ரூபாய்.

தீர்ப்பு வந்த அன்று ராத்திரி இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன். டீக்கடைக்காரர் சொன்ன 45 என்பது 30-ஐவிட 15 சதவீதம் கூடுதல். கோர்ட் அதை அப்படியே நம்பியிருந்தால்கூட, 12,000 வருமானத்தில் அது 30,24,000-இல் 15 சதவீதம், அதாவது 4,53,600. பொய் கொண்டு வந்திருக்கக்கூடிய பணத்தைவிட, பழைய பேப்பர்க்காரரோடு போன உண்மை அதிகம். அந்த ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

வைத்துக்கொள்ள வேண்டியவை

விபத்து நடந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும். அடிபட்டவரால் முடியாது, அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

1. வருமானம்: ஆர்டர் நோட்டு, கடை வாடகைச் சீட்டு, கடையின் கரண்ட் பில், சரக்கு வாங்கிய பில், யு.பி.ஐ. வரவு தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட். விபத்துக்கு முந்தைய தேதியில் இருப்பதற்குத்தான் மதிப்பு. விபத்துக்கு அப்புறம் அவசரமாகப் போட்ட வருமான வரிக் கணக்கைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

2. மருத்துவம்: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்-ரே படங்கள், ஒவ்வொரு மருந்து பில்லுக்கும் அதற்கான டாக்டர் சீட்டு. சீட்டு இல்லாத பில்லைத்தான் முதலில் வெட்டுவார்கள். மெடிக்ளெய்முக்கு ஒரிஜினல் பில்லைக் கொடுத்தால், சான்றளித்த நகல் கேட்டு வாங்கிவிடுங்கள்.

3. சில்லறைச் செலவு: ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ, டாக்ஸி, பிசியோதெரபி. தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் மனைவியோ அம்மாவோ வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டாலும் அது உதவியாளர் செலவுதான், கேட்கலாம்.

4. முடியாத வேலைகள்: எதைச் செய்ய முடியவில்லை என்று வாரம் ஒரு வரி. "வலிக்கிறது" என்று எழுதாதீர்கள். "சட்டைப் பட்டன் போட முடியவில்லை" என்று எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போதும் அதையே சொல்லுங்கள், அவர் சீட்டில் ஏறும்.

5. தேதி: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று பிரிவு 166-இல் சேர்த்திருக்கிறார்கள். முன்பு இந்த வரம்பு இல்லை. அதே தேதியில் வந்த புது விதிகள்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று ஸ்டேஷனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பிக்கு 2023-இல் தீர்ப்பு வந்தது. மனுப் போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியோடு பணமும் வந்தது. நகை வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது அவன் கட்டிங் மட்டும் செய்கிறான், தைப்பதற்கு ஒரு அக்காவை வேலைக்கு வைத்திருக்கிறான். வருமானம் முன்பு மாதிரி இல்லை.

போன தீபாவளிக்குப் போயிருந்தபோது கடை அலமாரியில் அளவு நோட்டுகள் வருஷ வாரியாக அட்டை போட்டு அடுக்கியிருந்தன. எதற்குடா இவ்வளவு என்று கேட்டேன். "இருக்கட்டும்ணே" என்றான்.

உங்கள் வீட்டிலும் கையால் தொழில் செய்து பிழைக்கிறவர் யாராவது இருப்பார். அவருடைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.